ஜெபத்திலும் எட்டிப் பார்க்கும் பெருமை

பெருமையை விட்டு மனத்தாழ்மையில் வளர்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பைபிளில் லூக்கா 18-ல் இயேசு சொன்ன கதையில் வரும் பரிசேயனை, அதாவது மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதனைப் பாருங்கள். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், தவறாத தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை). எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் ஜெபத்தின் நடுவிலேயே அவன் கண் அங்கே ஜெபிக்க வந்திருந்த ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) மேல் போய்விட்டது. பெருமைக்கு ஒப்பிட ஓர் ஆள் வேண்டும். ஆயக்காரனோ யாரையும் பார்க்கவில்லை, மார்பில் அடித்துக்கொண்டு கிருபை கேட்டான்.

அதனால் ‘எனக்குத் தாழ்மை வந்துவிட்டதா’ என்று அளந்துகொண்டே இருக்காதீர்கள். அதுவும் பெருமை போடும் வேஷம்தான் (எனக்கு நன்றாகப் பழக்கமான வேஷம்). யோவான் 13-ல் இயேசு சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார், தம்மைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசின் கால்களையும் சேர்த்து. அப்படி யாரும் கவனிக்காத ஒரு வேலையைச் செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்து பாருங்கள். நான் முயன்றபோது இரண்டாம் நாளே வாய் துறுதுறுத்தது. அப்புறம், யாராவது குறை சொன்னால் ஓர் இரவு கழித்துப் பதில் சொல்லுங்கள்.