வினைல் ராப் ஒட்டிய காரைக் கடும் பனிக்காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வினைல் ராப் என்பது காரின் பெயின்ட் மேல் பசையால் ஒட்டப்படும் மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் படலம். குளிர் ஏற ஏற பிவிசி விறைத்துப்போகும். விறைத்த படலம் இடிபட்டால் எளிதில் விரிசல் விடும், கிழியும். அதனால் படலத்தின் மேல் உறைந்த பனிக்கட்டியைச் சுரண்டவே கூடாது. உதிரியாகக் கிடக்கும் பனியை மென்மையான ஃபோம் பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள், மற்றதை உருக விடுங்கள். அவசரத்தில் கொதிநீர் ஊற்ற வேண்டாம், கண்ணாடியே விரிசல் விடலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது ஓரங்களைப் பற்றித்தான். போன் ஸ்கிரீன் கார்டின் ஒரு மூலை தூக்கினால் தூசி உள்ளே போய்க்கொண்டே இருக்கும் இல்லையா? இங்கே தூசிக்குப் பதில் தண்ணீரும் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவதால், தூக்கிய ஓரம் இன்னும் தூக்கும். ஆகவே உப்புச் சாலையில் ஓட்டினால் வாரம் ஒருமுறையாவது, வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில், கார் ஷாம்பூ போட்டுக் கையால் கழுவுங்கள். அப்புறம் ஓரங்களையும் கதவு இடுக்குகளையும் நன்றாகத் துடையுங்கள். பிரஷர் வாஷரை ஓரங்களுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

“ராப் இருக்கிறதே, உப்பு ஒன்றும் செய்யாது” என்று பலர் நினைக்கிறார்கள். படலம் மூடுவது வெளிப் பெயின்டை மட்டுமே. காரின் அடிப்பாகம் துருப்பிடிப்பதை அது தடுக்காது.