முழு விலை கட்டிய பிறகு வரும் தள்ளுபடி

கேள்வி: ஐயா, டர்பனில் ஒரு கடையில் மடிக்கணினி வாங்கினேன். விளம்பரத்தில் 1,500 ராண்ட் திரும்பக் கிடைக்கும் என்றிருந்தது. கல்லாவில் முழு விலையையும் வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையைத் தயாரிப்பாளரிடம் கேட்கச் சொல்கிறார்கள். இது முறைதானா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, கடைக்காரர் பில்லிலேயே கழித்துத் தருவது ஒரு வகை, தயாரிப்பாளர் பின்னர் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது மற்றொரு வகை. இரண்டாவதில், பில்லின் நகலையும் கருவியின் வரிசை எண்ணையும் குறித்த நாளுக்குள் அனுப்பியாக வேண்டும் என்பதால் பலர் மறந்தே போகிறார்கள். அந்த மறதி விற்பவருக்கு இலாபமாகிறது என்பதால் இம்முறை எனக்கு உடன்பாடானதன்று. எனினும், நிபந்தனைகளை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால் அதைச் சட்டவிரோதம் என்று கூற முடியாது.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, சலுகை என்ன, அதை எவ்வாறு ஏற்பது, எப்போது, எங்கே, யாரிடம் பெறுவது ஆகியவற்றைச் சலுகையை அறிவிக்கும் தாளிலேயே குறிப்பிடச் சொல்கிறது. ஆகவே முதலில் அந்த விளம்பரத் தாளைத் தேடி எடுங்கள். அதில் இவை இல்லையெனில், கடை மேலாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அவர் அசையாவிட்டால், நுகர்பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடை பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவதால் எழுத்து விரைவில் மங்கிவிடும், இன்றே நகலெடுங்கள். அட்டைப் பெட்டியில் ஒட்டியுள்ள பட்டைக்குறியீட்டை வெட்டி அனுப்பச் சொன்னால், வெட்டுவதற்கு முன் அதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.