ஒரே தாளைச் சுற்றி உட்கார வைத்தால் போதுமா?

கேள்வி: எல்.கே.ஜி. வகுப்பில் 18 பிள்ளைகளுக்கு ஒரு நீளமான பழுப்புத் தாளை விரித்து, "எல்லாரும் சேர்ந்து வரையுங்க" என்றேன். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் கோடு போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஒருவன் கோட்டைத் தாண்டியதும் அடிதடி. எங்கே தவறு?
- ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்

பதில்: தவறு பிள்ளைகளிடம் இல்லை. நான்கு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்ப்பது இயல்புதான். தனியாகவே முடித்துவிடக்கூடிய வேலையைப் பதினெட்டுப் பேரிடம் கொடுத்தாலும் அது பதினெட்டுத் தனி வேலைகள். இன்னொரு கை இல்லாமல் நடக்கவே நடக்காத வேலையாகப் பார்த்துக் கொடுங்கள்.

இதற்கு நூல் ஓவியம், அதாவது கலரில் நனைத்த நூலை மடித்த தாளுக்குள் வைத்து இழுத்துப் படமாக்குவது, நன்றாகப் பொருந்தும். ஒரு நேரத்தில் மூன்று ஜோடி போதும், மற்றவர்கள் விளையாடட்டும். பூக்கட்டும் நூலை இரண்டு இழையாக முறுக்கி, ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டுங்கள். நைலான் நூல் வேண்டாம், அதில் சாயம் நிற்காது. போஸ்டர் கலரைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து நூலை நனையுங்கள். பிடித்து இழுக்க ஒரு முனையில் இரண்டு விரற்கடை காய்ந்தபடியே இருக்கட்டும். ஏ4 தாளை இரண்டாக மடித்து, உள்ளே நூலை வளைத்து வளைத்து வைத்து, காய்ந்த முனையை வெளியே விடுங்கள். மேலே ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பிள்ளை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தவேண்டும், மற்றது இழுக்கவேண்டும்.

வெடுக்கென்று இழுத்தால் தாள் நகர்ந்து படம் ஈஷிக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் கோடு சரியாகப் பதியாது. கலர் நீர்த்துப்போயிருந்தால் குளமாகிவிடும். முதல் தாள் கெட்டுத்தான் போகும், கெடட்டும். இரண்டாவது தாளில் "மெல்ல இழுடா", "நீ நல்லா அமுக்கு" என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் இவ்வளவும். நடுவில் நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். மூன்றாவது தாளில் ஆள் மாறட்டும்.

விரித்தால் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே வடிவம் இருக்கும். காய்ந்ததும் மடிப்போடு வெட்டி ஆளுக்குப் பாதி கொடுங்கள். பின்னால் இரண்டு பேர் பெயரையும் எழுதுங்கள். வெட்டக்கூடாது என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அது இன்னும் நல்லது.

கேள்வி: ஐந்து வயது மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு வரைய உட்கார்ந்தால் முழுப் படத்தையும் இவளே போட்டுவிடுகிறாள். அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.
- ஒரு தாய், சென்னை

பதில்: "விட்டுக்கொடு" என்று சொல்லிப் பயனில்லை. கலரைப் பங்குபோடுங்கள். உங்கள் மகளுக்கு மஞ்சள், அந்தப் பிள்ளைக்கு நீலம். இதை மாற்றிவிடாதீர்கள்: துளி நீலமே மஞ்சளை விழுங்கிவிடும் என்பதால், அமைதியான பிள்ளையின் கையில் வலுவான நிறம் இருக்கவேண்டும். மஞ்சள் நான்கு ஸ்பூன், நீலம் ஒரு ஸ்பூன் போதும். கருநீலம் எடுத்தால் பச்சை மங்கலாக வரும், வெளிர்நீலம் நல்லது. சிவப்பு அந்தப் பக்கமே வரக்கூடாது. மூன்றும் கலந்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

பெரிய தாளில் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வரட்டும். நடுவில் ஒரு கை அகலம் வெள்ளையாக இருக்கவேண்டும். அந்த இடத்தில் இரண்டு தூரிகையும் சேர்ந்துதான் இறங்கவேண்டும். "இங்க வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வைப்பது ஒன்றே விதி. தலையாட்டி மறுத்தாலும் மறுப்புதான், அதை மகள் மதிக்கவேண்டும். பச்சை முளைக்கும்போது இரண்டு முகங்களையும் பாருங்கள். "யார் செஞ்சது?" என்று கேட்டால் ஒருத்தி பெயரைச் சொல்ல முடியாது.

கேள்வி: அங்கன்வாடியில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து கைத்தடம் பதிக்க எந்தக் கலர்? கோலப்பொடி ஆகுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கோலப்பொடி வேண்டாம், அதிலுள்ள கல்மாவு கண்ணில் பட்டால் உறுத்தும். சாயப்பொடியும் வேண்டாம். இரண்டு மூன்று வயதில் கை வாய்க்குத்தான் போகும். பச்சரிசி மாவில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு, கட்டிதட்டாமல் கிண்டிக் கூழாக்கி, நன்றாக ஆறவிட்டு மஞ்சள்தூள் கலந்துகொள்ளுங்கள். அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும், மறுநாள் புளித்துவிடும். மஞ்சள் கறை துணியில் போகாது, பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். சிவப்புக்காகச் சுண்ணாம்பு சேர்த்துவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

பதித்த தாளை மூன்றடி உயரத்துக்குள் ஒட்டுங்கள். பெரியவர்கள் கண்மட்டத்தில் மாட்டினால், தன் கைக்குப் பக்கத்தில் யார் கை இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது.