மறுமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

சகோதரி, இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி மாதந்தோறும் ஜீவனாம்சம் பெற்றுவந்த நீங்கள், நண்பருடன் ஒரே வீட்டில் வாழத் தொடங்கியதும் முன்னாள் கணவர் உங்களுக்கும் மகளுக்கும் உரிய பணத்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் செய்தது தவறு. நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை அந்த நீதிமன்றம்தான் மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். அதுவரை சேரும் பாக்கிக்காக நீங்கள் நிறைவேற்று மனு தாக்கல் செய்யலாம்.

ஆனாலும் உங்களுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 25(3)ஆம் உட்பிரிவு, மனைவி மறுமணம் செய்திருந்தாலோ கற்புடன் இராவிட்டாலோ (இச்சொல் இன்னும் சட்டத்தில் இருப்பது எனக்கு வேதனையளிக்கிறது) உத்தரவை மாற்றக் கோரும் வாய்ப்பைக் கணவருக்கு அளிக்கிறது. முன்பு, அது மெய்ப்பிக்கப்பட்டால் உத்தரவை ரத்து செய்தே ஆக வேண்டும் என்றிருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, ரத்து செய்வதா, தொகையைக் குறைப்பதா, அப்படியே விடுவதா என்பது நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. ஆகவே வாடகையையும் வீட்டுச் செலவையும் யார் ஏற்கிறார்கள், உங்களுக்கென வருமானம் உண்டா என்பவற்றைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரங்களையும் ரசீதுகளையும் இப்போதே திரட்டி வையுங்கள். உறவை மறைத்துப் பொய்யான பிரமாணப் பத்திரம் மட்டும் தாக்கல் செய்துவிடாதீர்கள். அது வழக்கையே கெடுத்துவிடும்.

மகளுக்கான தொகை அவளுடைய தனி உரிமை. நீங்கள் யாருடன் வாழ்ந்தாலும் தந்தையின் கடமை தீராது.