மலையடிவார மருத்துவமும் அம்மாவின் மாத்திரையும்

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. நெடுநாளாகச் சர்க்கரை நோய். முழங்கால் வலியும் உண்டு. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள ஓர் இயற்கை மருத்துவ நிலையத்தில் தங்கினால் இரண்டும் குணமாகும் என்றும், சேர்ந்த நாளிலேயே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்றும் உறவினர் சொல்கிறார். அழைத்துச் செல்லலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஆனால், மாத்திரையை நிறுத்துவதற்காக அழைத்துச் செல்லாதீர்கள். கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் இரவிலும் ஓயாத ஒரு பகுதியிலிருந்து போகிறவருக்கு நல்ல உறக்கமும், பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் எளிய இரவு உணவும், அடுப்படி வேலையிலிருந்து விடுதலையும் கிடைப்பதே பாதி மருத்துவம். எடை சிறிது குறைந்தாலும் முழங்காலின் மீது விழும் சுமை அதைப்போலப் பல மடங்கு குறையும் என்பதால், வலி தணிவதற்கும் வாய்ப்புண்டு.

கவனம் வேண்டியது அங்கே சிகிச்சையாக வைக்கும் உண்ணாநோன்பில்தான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு பழச்சாறு மட்டும் அருந்தினால் சர்க்கரை மளமளவென்று இறங்கி, வியர்வையும் நடுக்கமும் கண்டு மயக்கம்வரை போகலாம். மாறாக, மருந்தை முழுவதும் நிறுத்தினால் சர்க்கரை ஏறும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தும் உண்டு. ஆகவே, அங்கே தரும் உணவு முறையை முன்கூட்டியே எழுதி வாங்கி, அம்மாவுக்கு வழக்கமாக மருத்துவம் பார்ப்பவரிடம் காட்டி, எந்த மருந்தை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பலரும் மறந்துவிடுவது பாதத்தை. நெடுநாள் சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தால், வெந்நீர்ப் பாதக் குளியலில் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். கூழாங்கல் பாதையில் வெறுங்காலுடன் நடந்தால் காயம் பட்டதே தெரியாது. மண்பட்டி (ஈர மண்ணைப் பற்றாக உடம்பில் இடுவது), யோகாசனம் ஆகியவற்றைப் பற்றி எனக்கு இவ்வளவு கவலையில்லை.

நிலையத்தின் தோட்டத்தைப் படத்தில் பார்த்து மயங்குவதைவிட, பி.என்.ஒய்.எஸ். என்னும் ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவ, யோகப் பட்டப் படிப்பை முடித்த மருத்துவர் இரவிலும் அங்கே தங்குகிறாரா, அவசரமென்றால் அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்று விசாரிப்பது மேல். ‘சர்க்கரையை அடியோடு ஒழிப்போம்’ என்று உறுதி கூறும் இடமாக இருந்தால், பயணச்சீட்டே எடுக்க வேண்டாம்.

அதற்கு முன், அரும்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறிக்கொண்டால் போதும். இந்தச் சிகிச்சை அம்மாவின் உடம்புக்கு ஒத்துவருமா என்பதைத் தென்காசிவரை போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. இத்தகைய நிலையத்தில் ஒரு மாதம் தங்கினால் இன்ஹேலரை விட்டுவிடலாமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: விட வேண்டாம். புகையும் சாம்பல் தூசியும் இல்லாத இடத்தில் மூச்சு இலகுவாக வரும் என்பது உண்மையே. அதனால் நோய் நீங்கிவிட்டது என்று ஆகாது. வைக்கோல் தூசியும் அறுவடைக் காலத்துப் பதரும் கிராமத்திலும் இழுப்பைக் கிளப்பும். இழுப்பு இருக்கும்போது, மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதிப் பயிற்சியைச் செய்யாதீர்கள். உடனடி நிவாரணத்துக்கான இன்ஹேலரைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அங்கே நள்ளிரவில் மருந்துக் கடை திறந்திருக்காது.