அப்பாவின் இளைப்புக்கு 20,000 ரூபாயா? கையெழுத்துப் போடாதீர்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 60 வயது, கொத்தனாராக இருந்தவர், கடைசி 12 வருடம் ஓசூர் அடுக்குமாடிக் கட்டடங்களில் கிரானைட் அறுத்திருக்கிறார். டிபி என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் இளைப்பு நிற்காமல், 2025 ஆகஸ்டிலிருந்து வீட்டோடு இருக்கிறார். "பீடி குடிச்சதால வந்தது" என்கிற மேஸ்திரி, 20,000 ரூபாய் தருகிறேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறாராம்.

தம்பி, போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள், இழப்பீட்டு உரிமையை விட்டுத்தருவதாக எழுதி வாங்குவது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி செல்லாது. 2025 நவம்பர் 21-லிருந்து அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் அப்பா அதற்கு முன்பே வேலைக்குப் போக முடியாமல் நின்றவர் என்பதால் பழைய சட்டத்தையே பிடித்துக்கொள்ளலாம்.

உங்கள் வழக்கின் உயிர் நோயின் பெயரில் இருக்கிறது. தண்ணீர் விடாமல் மெஷினில் அறுக்கும்போது மாவு மாதிரி பறக்கிற கல் தூசியில் உள்ள சிலிக்கா, நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் முற்றும், எக்ஸ்ரேயில் டிபி போலவே தெரியலாம், கூடவே டிபியும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் வரும் எத்தனையோ மருத்துவச் சீட்டுகளில் டிபி என்பதோடு முடிந்திருக்கும், என்ன வேலை செய்தார் என்று ஒரு வரி இருக்காது. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். பழைய எக்ஸ்ரேக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், 12 வருடம் கல் அறுத்ததைச் சொல்லி, அதையும் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். சிலிகோசிஸும் அதோடு சேர்ந்த டிபியும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்நோயாக இருக்கின்றன. பீடி குடித்தவர் என்பதற்காகக் கல் தூசி செய்த கேடு இல்லாமல் போகாது.

மேஸ்திரி மட்டும்தான் பொறுப்பு என்று நினைக்காதீர்கள், வேலையை அவரிடம் விட்ட பில்டரும் 12-ஆம் பிரிவுப்படி பொறுப்பு. பல பில்டர்கள் என்றால் எல்லாரையும் மனுவில் சேருங்கள். அப்பா இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருந்திருந்தால் மட்டும் இந்தச் சட்டத்தில் கேட்காமல் இ.எஸ்.ஐ.யிடம் கேட்க வேண்டும்.

தொகை எவ்வளவு? மாதச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தாலும் கணக்குக்கு 15,000தான். முழு இயலாமை என்று முடிவானால் அதில் 60 சதவீதத்தை, சட்டத்தின் அட்டவணையில் 60 வயதுக்குக் கொடுத்திருக்கிற 117.41 என்ற எண்ணால் பெருக்க வேண்டும், 10,56,690 ரூபாய் வருகிறது. பகுதி இயலாமை என்றால் அந்த அளவுக்குக் குறையும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் அந்த வாரிய ஓய்வூதியம் தனி, இதை வாங்குவதால் அது போகாது.

வேலைக்குப் போகாமல் நின்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது 2027 ஆகஸ்டுக்குள், தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். ஓசூருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே போடலாம்.

அப்புறம், ரசீது, வருகைப் பதிவு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மேஸ்திரி செல்போனில் பணம் அனுப்பிய பதிவு இருக்கும், வேலையிடத்தில் எடுத்த போட்டோ இருக்கும். கூட அறுத்தவர்கள் யார் யார் என்று அப்பாவிடம் இன்று ராத்திரியே கேட்டு எழுதி வையுங்கள், அவர்களில் ரெண்டு பேர் சாட்சி சொன்னாலே பெரிய பலம்.