பெங்களூரு ஊரக மாவட்டத்தில் மக்கள் குறையவில்லை, எல்லைதான் மாறியது

நீங்கள் போட்ட பெங்களூரு மாவட்டங்களின் மக்கள்தொகை வரைபடத்தில் 2001-க்கும் 2011-க்கும் நடுவே ஊரக மாவட்டம் 18.8 லட்சத்திலிருந்து 9.9 லட்சமாக விழுவது உண்மையான சரிவு இல்லை. 2007-ல் ராமநகரம், சன்னபட்டணா, கனகபுரா, மாகடி நான்கு தாலுகாக்களையும் பிரித்து ராமநகரம் மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். நீங்கள் அந்தந்த வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்து அப்படியே ஒட்டியிருப்பீர்கள், அதனால்தான் நகர மாவட்டம் 47% ஏற, பக்கத்து வீடு அதே 47% இறங்குவதுபோல ஒரு வேடிக்கை.

சரிபார்க்க: 2011-ல் ராமநகரத்தின் 10.8 லட்சத்தை ஊரகத்தோடு கூட்டுங்கள், 20.7 லட்சம் வரும், அதாவது பத்து வருடத்தில் சுமார் 10% வளர்ச்சி. தனித்தனியாக வேண்டுமென்றால் 2011 கணக்கெடுப்பின் ஏ-2 அட்டவணையை (பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை எப்படி மாறியது என்று காட்டுவது) மட்டும் எடுங்கள், அதில் 1901 வரைக்கும் இன்றைய எல்லைக்கே திருத்திக் கொடுத்திருப்பார்கள். ஊரகம் 16%, ராமநகரம் 5% என்று வரும். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியும், தொழிற்சாலைகள் நிறைந்த ஹொஸ்கோட்டேயும் ஊரகத்தின் பக்கம் இருப்பதால் இதில் ஆச்சரியமே இல்லை.

கோலாரிலும் இதே கதைதான், சிக்கபள்ளாபுரா அதே 2007-ல் பிரிந்தது.

ஒன்று மட்டும் கவனம்: 2001-ன் ஏ-2-ஐயும் 2011-ன் ஏ-2-ஐயும் கலக்காதீர்கள், எல்லை வேறு. 1986-க்கு முன்னால் நகரம், ஊரகம் என்ற பிரிவே கிடையாது, எல்லாம் ஒரே பெங்களூரு மாவட்டம். அப்புறம், 2025-ல் ராமநகரத்துக்குப் பெங்களூரு தெற்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பெயரை வைத்து அட்டவணைகளை இணைத்தால் அந்த வரிசை காணாமல் போகும்.